கம்பஸ் வளவுக்குள் கோயில் ஏன்? யாழ் பல்கலைக்கழகத்தின் பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுமுகம்_கொக்குவில்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் கலைப்பீடத்துக்கு வந்திருக்கிறேன். கொக்குவில்தான் ஊர், ரியூசனுக்குப் போன காலம் முழுக்க இராமநாதன் வீதியால்தான் சைக்கிள் ஓடினேன், ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே இருப்பது எப்படி அங்கே வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது முகாமைத்துவ பீடத்தில் படிக்கும் மாத்தறைச் சிங்களப் பெடியன் ஒருவன் பழக்கமாகிவிட்டான். அவன் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் சிவன் கோயில் ஏன்? முதலில் இது பள்ளிக்கூடமாமே, உண்மையா? அரசாங்கம் ஏன் அந்த இடத்தை எடுத்தது? அந்தத் தூபிகள் என்ன? நான் சும்மா தலையாட்டிக்கொண்டு நின்றேன், பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொன்று. "கம்பஸ் பாரம்பரியம்" என்று எல்லாரும் கதைக்கிறார்கள், பட்டமளிப்புப் படங்களுக்குக் கீழே எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள். அது எது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கட்டடமா, சடங்கா, ஆட்களா? பழைய பட்ச் அண்ணைமார், அக்காமார் யாராவது இருந்தால் நேரம் எடுத்து எழுதுங்கள். விக்கிப்பீடியாவில் உள்ளதை வாசித்துவிட்டேன், அது போதவில்லை.

---

தபாற்பெட்டிச்சந்தி:

தம்பி, உம்முடைய நண்பரிடம் முதலில் இதைச் சொல்லும். கோயில்தான் அங்கே மூத்தது, கம்பஸ் பிறகு வந்து சேர்ந்தது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். 1921இல் திருநெல்வேலியில் ஆண்பிள்ளைகளுக்குப் பரமேஸ்வராக் கல்லூரி. ஆங்கிலம் படிக்கவேண்டும் என்றால் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்றிருந்த காலம் அது, சைவப் பிள்ளை சமயத்தை விடாமல் ஆங்கிலம் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஆறுமுக நாவலர் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இராமநாதனிடம் காசும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. அதனால் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் பக்கத்தில் பரமேஸ்வரனுக்குக் கோயிலையும் கட்டினார். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அதே 1921இல்தான், அதையும் சொல்லிவையும், கேட்கிறவருக்குக் காலம் விளங்கும்.

1930இல் இராமநாதன் காலமானார். அவருடைய மகளை மணந்த சு. நடேசபிள்ளை தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பிறகு அமைச்சராகவும் இருந்தவர். பரமேஸ்வராவை நெடுங்காலம் அதிபராக இருந்து நடத்தியது அவர்தான். மருதனார்மடத்தில் இன்று நீங்கள் நுண்கலைக்கழகம் என்று சொல்கிற இடம் இருக்கிறதே, அதன் தொடக்கமும் 1960இல் அவர் ஆரம்பித்த இசைக் கல்லூரிதான். அறுபதுகளில் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்தார் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

சரி, 1974க்கு வருவோம். இந்த இடத்தைத்தான் எல்லாரும் ஒரு வரியில் கடந்துபோவார்கள், உண்மையில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. 1972இல் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒன்றாக்கி, பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்கார, கட்டுபெத்தை எல்லாம் அதன் வளாகங்கள் என்றார்கள். 1974 ஆகஸ்ட் 1இல் ஆறாவது வளாகமாக யாழ்ப்பாணம் வந்தது, பரமேஸ்வராக் கல்லூரியைத்தான் அதற்கு எடுத்தார்கள். அக்டோபர் 6இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து திறந்துவைத்தார். அதனால்தான் எங்கள் வயதுக்காரர்கள் இன்றுவரை 'பல்கலைக்கழகம்' என்று சொல்லாமல் 'கம்பஸ்' என்றே சொல்கிறோம், அப்போது அது வளாகம் மட்டும்தான்.

ஊரே திரண்டு கைதட்டி வரவேற்றது என்று நினைக்கவேண்டாம். தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கேள்வி அதற்கு முன்னமே பல ஆண்டுகளாக இருந்தது, தமிழரசுக் கட்சி அது திருகோணமலையில்தான் வரவேண்டும் என்றது, யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகம் என்று இன்னொரு தரப்பு நின்றது. இடையில் 71இலிருந்து தரப்படுத்தல். எங்கள் பிள்ளைகள் கூடப் புள்ளி எடுத்தும் பேராதனைக்குப் போகமுடியாமல் வீட்டில் இருந்த காலம். 74 ஜனவரியில் நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது, கடைசி நாளான ஜனவரி 10 இரவு பொலிஸ் கூட்டத்துக்குள் புகுந்ததும் உயிர்கள் போனதும் தெரிந்திருக்கும், வீரசிங்கம் மண்டபத்துக்கு அருகில் நினைவுத்தூண்களைப் பார்த்திருப்பீர். அந்தக் காயம் ஆறமுன்னம் அதே ஆண்டு அக்டோபரில் அதே அரசாங்கம் கம்பஸைத் திறக்கிறது. கையில் தந்ததை வாங்குவதா, வேண்டாம் என்பதா? வீட்டுக்கு வீடு வாதம்.

முதல் தலைவர் கைலாசபதி. அப்போது அவருக்கு 41 வயது, தினகரன் ஆசிரியராக இருந்தவர், பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தவர், வெளிப்படையான மார்க்சியவாதி. அரசாங்கத்தின் ஆள் என்று ஏசியவர்களும் உண்டு. ஏசியவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், அது வேறு கதை.

---

வட்டுமேற்கு:

மேலே எழுதிய அண்ணை திருநெல்வேலியோடு நின்றுவிட்டார், எங்கள் பக்கத்தை வழக்கம்போல மறந்துவிட்டார். விஞ்ஞான பீடம் தொடங்கியது பரமேஸ்வரா வளவில் அல்ல, வட்டுக்கோட்டையில். யாழ்ப்பாணக் கல்லூரியில் லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பித்த பட்டதாரிப் பிரிவு ஒன்று இருந்தது, அதன் கட்டடங்களும் ஆய்வுகூடங்களும்தான் புதிய கம்பஸின் விஞ்ஞான பீடமாகின. பிறகுதான் திருநெல்வேலிக்கு மாறினார்கள்.

ஆக யாழ் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தாய்வீடு. ஒன்று சைவப் பள்ளிக்கூடம், மற்றது அமெரிக்க மிஷன். இரண்டும் நூறு வருடமாக ஒன்றையொன்று எதிர்த்து வளர்ந்தவை! அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது 1823இல், இந்த நாட்டில் பல்கலைக்கழகம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் அங்கே படிப்பித்தார்கள். 1855இல் மூடினார்கள். 1872இல் அதன் தொடர்ச்சியாக யாழ்ப்பாணக் கல்லூரி. செமினரியில் படித்த சிறுப்பிட்டிக்காரர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு நாவலர் வழியில் சைவராக நின்றார், அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

மாத்தறை நண்பரைக் கோயிலோடு நிறுத்தாதீர்கள், ஒருநாள் வட்டுக்கோட்டைக்கும் கூட்டிவாருங்கள்.

---

தபாற்பெட்டிச்சந்தி:

வட்டுக்கோட்டையார் சொல்வது சரி, சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

மாத்தறை என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. தொடக்கத்தில் இந்தக் கம்பஸில் சிங்கள மாணவர்களும் படித்தார்கள், சிங்களத்துறையும் இருந்தது. சுசரித கம்லத் இங்கே படிப்பித்தார். திரைப்பட இயக்குநர் தர்மசேன பத்திராஜவும் இங்கே விரிவுரையாளராக இருந்தவர்தான், யாழ்ப்பாணத்தில் இருந்த அந்த நாட்களில்தான் 'பொன்மணி' என்று ஒரு தமிழ்ப் படமும் எடுத்தார். சிங்கள இயக்குநர், யாழ்ப்பாணத்து நடிகர்கள், சாதியும் சீதனமும் கதை. 77 ஆகஸ்ட் கலவரத்தோடு சிங்கள மாணவர்களைத் தெற்குக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அடிபட்டு வந்த எங்கள் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இங்கே வந்து நிறைந்தார்கள். ஒரே கிழமைக்குள் ஆட்கள் இடம் மாறியதுபோல. போர் முடிந்த பிறகுதான் தெற்கிலிருந்து மறுபடியும் பிள்ளைகள் வரத்தொடங்கினார்கள். உம்முடைய நண்பர் தான் புதிதாக வந்தவர் என்று நினைத்துக்கொண்டிருப்பார், அவருக்கு முன்னால் வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று சொல்லும்.

1979 ஜனவரி 1இல்தான் இது தனிப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தர் வித்தியானந்தன், மேலே சொன்ன தமிழாராய்ச்சி மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்தியவரே அவர்தான். மருத்துவ பீடம் 1978இல் வந்தது.

---

மணற்காட்டாள்:

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பட்ச், விஞ்ஞான பீடம். மேலே ஆண்களெல்லாம் ஆண்டையும் பெயரையும் எழுதிவிட்டார்கள், நான் அங்கே எப்படிப் படித்தோம் என்று எழுதுகிறேன், ஏனென்றால் தங்கச்சி தம்பிமாருக்கு இப்போது லைப்ரரியில் ஏசி வேலை செய்யாவிட்டாலே முகம் சுருங்குகிறது.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, மருந்து எல்லாம் தடை, மண்ணெண்ணெய் கிடைத்தால் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி எண்ணெய் விட்டு, மூடியில் சின்னக் குழாய் பொருத்திய விளக்குத்தான் எங்கள் வெளிச்சம். அந்த விளக்கில் சேதன இரசாயனம் படித்தோம். செய்தி கேட்கவேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவிலிருந்து வரும் கரண்டில் ரேடியோ பாடும். பௌதிகவியல் செயன்முறைப் பாடத்தை வேறு எங்கே படிப்பது! கொழும்புக்குப் போகவேண்டியவர்கள் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள், நேவி வந்தால் அவ்வளவுதான்.

அந்தக் காலத்துத் துணைவேந்தர் துரைராஜா. கம்பர்மலைக்காரர், எங்கள் வடமராட்சி. வெளியில் பலருக்கு அவரை மண் பொறியியல் மேதை என்று தெரியும், கேம்பிரிட்ஜில் ரொஸ்கோவோடும் ஸ்கோஃபீல்டோடும் சேர்ந்து களிமண் எந்த நிலையில் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது பற்றி 1963இல் எழுதிய கட்டுரையை உலகமெல்லாம் அந்தத் துறைப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். எங்களுக்கு அவர் சைக்கிளில் வரும் துணைவேந்தர். வடமராட்சியிலிருந்து திருநெல்வேலிக்கு எவ்வளவு தூரம் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் வல்லை வெளியில் எதிர்க்காற்று அடிக்கும்போது. அவர் நினைத்திருந்தால் எந்த நாட்டுக்கும் போயிருக்கலாம், அவருடைய தகுதிக்குக் கூப்பிடாத இடம் இருந்திருக்காது. 1988இலிருந்து 94இல் நோயில் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது அவர் காலத்தில்தான். பொறியியல் பீடமும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இன்று அறிவியல் நகரில் அந்தப் பீடம் இருக்கிறது.

அப்புறம் 1995 அக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ் நகரத்தைச் சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது, மழை வேறு. கம்பஸ்காரர்கள் கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 96இல் திரும்பி வந்து உடைந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினோம். சோதனை பின்போய்ப் பின்போய் நாலு வருடப் பட்டம் எடுக்க எங்களுக்கு எவ்வளவு காலம் போனது என்று கேட்காதீர்கள்.

கம்பஸ் பாரம்பரியம் எது என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் இதுதான்: எது நடந்தாலும் வகுப்பு நடக்கும். கட்டடத்தை யார் பிடித்தாலும் சரி.

---

கலட்டி_கதைசொல்லி:

அக்கா எழுதியது அருமை. ஆனால் 'எது நடந்தாலும் வகுப்பு நடக்கும்' என்பதை மட்டும் எழுதினால் கம்பஸ் ஏதோ சாதுவான பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். நடந்தவையும் கம்பஸுக்குள்தானே நடந்தன.

1987 அக்டோபர் 11 இரவு, 12 விடிய, இந்திய இராணுவம் ஹெலியில் வந்து கம்பஸ் மைதானத்தில் இறங்கியது. பதின்மூன்றாவது சீக்கிய இலகு காலாட்படையிலிருந்து இறக்கிய 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நீங்கள் கிரிக்கெட் விளையாடுகிற பக்கம்தான். 1989 செப்டம்பர் 21இல் மருத்துவ பீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பைச் சகாக்களோடு தொடங்கி, எல்லாத் துப்பாக்கிகளையும் பற்றி எழுதியவர். இந்தப் பெயரைச் சொல்லாமல் கம்பஸ் வரலாறு எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. சொல்லத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏன் என்று ஊருக்குத் தெரியும்.

சரி, மற்றப் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் தம்பி பாரம்பரியம் பற்றிக் கேட்டார், என் பதில் நாடகம். வித்தியானந்தன் பேராதனையில் இருக்கும்போதே மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றவர், 'இராவணேசன்', 'கர்ணன் போர்' எல்லாம் அப்படி வந்தவை. அவர் இங்கே துணைவேந்தராக இருந்த காலத்தில் கைலாசபதி, சிவத்தம்பி, நுஃமான், மௌனகுரு, சித்திரலேகா எல்லாரும் ஒரே வளவில் இருந்தார்கள், கன்ரீன் தேத்தண்ணி மேசையிலேயே அரைவாசி இலக்கிய விமர்சனம் நடந்திருக்கும். (கைலாசபதி 1982இலேயே போய்விட்டார், கலையரங்குக்கு அவர் பெயர் வைத்தது பிறகு.) 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனிய'ரைக் கம்பஸ் கலாசாரக் குழு ஊர் ஊராகக் கொண்டுபோனது. கோயில் வீதியிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் சனம் இருந்து அழுதது. கொழும்பு மாதிரி ரிக்கெட் எடுத்து மண்டபத்துக்குள் இருந்து பார்க்கிற நாடகம் இல்லை அது. படித்தது வளவுக்கு வெளியே போகவேண்டும் என்பதுதான் அதன் உயிர்.

அந்த ஓட்டத்தில்தான் 2001 ஜனவரி 17இல் பொங்குதமிழ் என்ற எழுச்சி நிகழ்வு. இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த நகரத்தில் கம்பஸ் வளவுக்குள் அத்தனை சனம் கூடியது. அதற்குத்தான் அந்த ஒரு தூபி. மற்றது முள்ளிவாய்க்கால் தூபி. அதை 2021 ஜனவரி 8 இரவு புல்டோசர் கொண்டுவந்து இடித்தார்கள். பிள்ளைகள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்கு கிழக்கில் ஹர்த்தால், 11ஆம் திகதி விடியற்காலை துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் வைத்தார், ஏப்ரல் 23இல் திறந்தார்கள். மே 18இல் பின்னேரம் அங்கே போய்ப் பாருங்கள், நான் விளக்கத் தேவையில்லை.

---

புதுமுகம்_கொக்குவில்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மணற்காட்டு அக்கா, டைனமோ ரேடியோ பற்றி அப்பா சொல்லும்போது கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன். 

இரண்டு விஷயம் கேட்கலாமா? ஒன்று, பகிடிவதையும் (ராகிங்) பாரம்பரியம்தான், அதனால்தான் பட்ச் ஒற்றுமை வருகிறது என்று சிலர் வாதாடுகிறார்கள், அது எங்கிருந்து வந்தது? இரண்டு, மாத்தறை நண்பனைத் தூபிப் பக்கம் கூட்டிப்போவதா வேண்டாமா என்று யோசனையாக இருக்கிறது. அவன் கேட்டால் எப்படிச் சொல்வது? 2016இல் வரவேற்பு விழாவில் சண்டை வந்ததாமே, அதுவும் பயமாக இருக்கிறது.

---

மணற்காட்டாள்:

பகிடிவதை எங்கள் பாரம்பரியமே இல்லை. நாட்டிலுள்ள எல்லாக் கம்பஸிலும் இருக்கிற வியாதி அது. 1997இல் பேராதனையில் பொறியியல் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை பகிடிவதையில் சிறுநீரகம் பழுதாகி இறந்தது. அதற்குப் பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதன்படி அது குற்றம், சிறை வரைக்கும் போகும். சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் ஒற்றுமை என்று நியாயம் சொல்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ஷெல் விழும்போது சீனியரும் ஜூனியரும் ஒரே பங்கருக்குள் குந்தியிருந்த எங்கள் பட்ச்சுக்கு ஒற்றுமை எந்தப் பகிடிவதையால் வந்தது? உங்களுக்கு யாராவது தொல்லை தந்தால் பேசாமல் இருக்கவேண்டாம், எழுத்தில் கொடுங்கள், திகதி போட்டு.

---

தபாற்பெட்டிச்சந்தி:

2016 ஜூலையில் நடந்தது விஞ்ஞான பீடத்தில். புதிய பிள்ளைகளை மேளம் நாதஸ்வரத்தோடு ஊர்வலமாக அழைத்துவருவது இங்கே வழக்கம், தவில் சத்தம் கேட்டால் இராமநாதன் வீதியில் கடைக்காரரும் எழும்பி வந்து பார்ப்பார். அந்த முறை சிங்கள மாணவர்கள் கண்டிய நடனமும் சேரவேண்டும் என்றார்கள், மற்றவர்கள் இது எங்கள் வழக்கம் என்றார்கள், வாய்ச்சண்டை கல்லெறியானது. கம்பஸைக் கொஞ்ச நாள் பூட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. வீட்டுக்காரன் முதலே கூப்பிட்டு இருந்து கதைத்திருந்தால் அது விழாவாகவே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். வந்தவர்களும் வந்த இடத்தின் காயத்தை அறிந்து கேட்டிருக்கலாம்.

தூபிக்குக் கூட்டிப்போம். ஒளித்தால்தான் சந்தேகம். இறந்த சனத்துக்கு விளக்கு வைக்கிற இடம் என்று சொல்லும், கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லும். மாத்தறையிலும் 71இலும் 89இலும் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த வீடுகள் ஏராளம், அவருக்கு விளங்காமல் போகாது.

---

ஈமத்தாழி:

தாமதமாக வருகிறேன். வரலாற்றுத்துறையில் படித்தவன். இவ்வளவு எழுதியும் ஆனைக்கோட்டையை யாரும் சொல்லவில்லையே!

1980இல் இந்திரபாலாவும் இரகுபதியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆனைக்கோட்டையில் அகழ்வு செய்தார்கள். திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். பெருங்கற்காலப் புதைகுழி, எலும்புக்கூடு, கறுப்புச் சிவப்பு மட்பாண்டம், அதோடு பிராமி எழுத்தும் மேலே குறியீடுகளும் பொறித்த சின்ன முத்திரை ஒன்று. 'கோவேத' என்று வாசித்தார்கள், அதில் கருத்து வேறுபாடும் உண்டு. கம்பஸ் தொடங்கி ஆறே வருடத்தில், பெரிய கருவிகளோ காசோ இல்லாத ஒரு துறை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மனிதக் குடியிருப்பை இரண்டாயிரம் வருடத்துக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு முன் யாழ்ப்பாண வரலாறு என்றால் ஆரியச் சக்கரவர்த்திகளிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலும் வழக்கம். 2024இல் மறுபடியும் அங்கே தோண்டினார்கள், பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

பல்கலைக்கழகத்தின் மகுட வாசகம் 'மெய்ப்பொருள் காண்பதறிவு'. மேடையில் அதைச் சொல்கிறவர்கள் எல்லாம் 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அதே முடிவோடு 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்று மெய்யுணர்தல் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு ஆனைக்கோட்டைக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது, மண்ணாக இருந்தாலும் கிண்டிப் பார்.

தம்பி எழுதவேண்டும் என்று நினைத்தால் முதலில் நூலகம் இணையத்தளத்தில் தேடும், பழைய விழா மலர்கள், துணைவேந்தர் உரைகள், மாணவர் சஞ்சிகைகள் எல்லாம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், இலவசம். பிறகு பரமேஸ்வராவில் படித்த தாத்தாமாரைப் பிடியும். 74இல் பள்ளிக்கூடத்தைக் கம்பஸாக்கியபோது அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல். அவர்கள் தங்கள் பள்ளிக்கூடம் போனதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. கொண்டாட்டமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகவேண்டாம், சிலருக்குக் கோபம் இன்னும் இருக்கிறது.

---

புதுமுகம்_கொக்குவில்:

ஐயோ, இது பெரிய வேலையாகப் போகிறது போல! எங்கள் ஒழுங்கையிலேயே பரமேஸ்வராவில் படித்த ஒரு தாத்தா இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குகிறேன். மாத்தறைப் பெடியனும் வருகிறானாம், அவனுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், பொன்மணி பற்றிச் சொன்னதும் வீட்டுக்கு ஃபோன் எடுத்து அம்மாவிடம் கேட்டான், அவருக்குப் பத்திராஜவைத் தெரியுமாம். வருகிற கிழமை வட்டுக்கோட்டைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். உள்ளே விடுவார்களா?

---

வட்டுமேற்கு:

பாடசாலை நடக்கிற நேரத்தில் விடமாட்டார்கள். இரண்டு மணிக்குப் பிறகு வந்து அலுவலகத்தில் மாணவர் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஒட்லி மண்டபத்தைப் பார்க்காமல் போகவேண்டாம். கடைசி பஸ்ஸை நம்பாமல் சைக்கிளில் வாருங்கள்.